ஆறு வோல்ட் வண்டி

பரகோவா,
14 ஜனவரி 1998

அன்புத் தம்பி எலாதியோவுக்கு,

அண்ணன் அர்செனியோ சொல்லச் சொல்ல அண்ணி நெரெய்தா எழுதுவது. கரிதாத் மாதா கருணையால் இங்கே இரண்டு பேரும் எழுந்து நடமாடுகிறோம். உன் உடம்பு எப்படி? பேக்கரி அடுப்பருகே நின்று நின்று இருமல் பிடித்துக்கொண்டதாக எழுதியிருந்தாயே, இப்போது தேவலையா?

விஷயத்துக்கு வருகிறேன். நம் செவ்ரோலெட்டின் முன்விளக்குகள் சரியில்லை. எரிகின்றன, ஆனால் எரிந்து ஒரு பிரயோஜனமும் இல்லை. ஐம்பத்தொன்றாம் வருஷத்து வண்டி, அப்பா வாங்கியபோது எப்படி இருந்ததோ அப்படியே வைத்திருக்கிறேன்; அதற்கும் வயதாகும்தானே. நம் மலைச்சாலைக்கு லா ஃபரோலா, அதாவது விளக்கு, என்று பெயர் வைத்த மகராசன் அதில் பகலில் மட்டும்தான் போயிருப்பான். பொழுது சாய்ந்தால் ரோடு எது, பள்ளம் எது என்று தெரிவதில்லை. போன வாரம் நம் தெரு ஃபிலிபெர்த்தோவின் கேட்டில் இடித்துவிட்டேன். "முப்பது வருஷமா அந்தக் கேட்டு அங்கதான்யா நிக்குது!" என்று கத்துகிறான். "நின்னா போதுமா, அதுக்கு ஒரு பல்பு மாட்டி வெச்சியா நீ?" என்று கேட்டேன்.

அமெரிக்காவில் உங்கள் பக்கத்துக் கடைகளில் நல்ல வெளிச்சம் தரும் புது மாதிரி விளக்குகள் வந்திருக்கின்றனவாம். வட்ட விளக்கு, அளவு உனக்கே தெரியும். ஒரு ஜோடி அனுப்பி வை. இந்தத் தெருவில் யாருக்கு என்ன ஆனாலும் குவாந்தானமோ ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக என்னைத்தான் கூப்பிடுகிறார்கள். இருட்டிவிட்டது, வரமாட்டேன் என்று சொல்ல எனக்கு வாய் வருமா?

(இது நான், நெரெய்தா. அவர் காப்பி குடிக்கப் போயிருக்கிறார். தம்பி, இருக்கிறதிலேயே வெளிச்சம் அதிகமானதாகப் பார்த்து அனுப்பு. தள்ளிப்போடாதே.)

உன் நலம் கோரும்,
அண்ணன் அர்செனியோ


ஹையலியா,
22 பிப்ரவரி 1998

அண்ணாவுக்கும் அண்ணிக்கும் எலாதியோவின் வணக்கம்.

இருமல் விட்டது. உங்களைப் பார்க்க முடியாததைத் தவிர வேறு குறை இங்கில்லை. ரொட்டி மாவைப் பிசைந்து பிசைந்து தோள் மட்டும் குத்துச்சண்டைக்காரன் மாதிரி ஆகியிருக்கிறது.

விளக்கு வாங்கிவிட்டேன். ஹாலஜன் என்கிறார்கள், கடையில் போட்டுக் காட்டினான், எதிரே நின்ற ஆள் முகத்தை மூடிக்கொண்டான். எந்த வண்டிக்கு என்று கேட்டான். ஐம்பத்தொன்று செவ்ரோலெட் என்றேன். "அது மியூசியத்துலல்ல இருக்கும்?" என்று சிரித்தான். "எங்க ஊர்ல அதுதான்யா ஆம்புலன்ஸ்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

என் மாமியாரின் தங்கை ஒர்தென்சியா ஈஸ்டருக்கு ஊருக்கு வருகிறாள். அவள் கையில் கொடுத்தனுப்புகிறேன்.

ஒன்று கேட்க வேண்டும். அண்ணா, நீ ஏன் எழுதவில்லை? உன் கையெழுத்தைப் பற்றி நீ அடித்துக்கொண்ட தம்பட்டம் கொஞ்சமா? இங்கே வந்து பதினெட்டு வருஷமாக உன் எழுத்தைத்தான் பார்த்து வருகிறேன். அண்ணியின் எழுத்து அழகுதான், கோபித்துக்கொள்ள வேண்டாம். ஆனாலும் உறையைப் பிரித்தவுடன் திக்கென்றது.

இருவரும் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
எலாதியோ


பரகோவா,
20 மார்ச் 1998

அன்புத் தம்பிக்கு அண்ணி நெரெய்தா எழுதுவது. நலம், நலமே வேண்டுகிறோம்.

உன் அண்ணன் எழுதச் சொன்னது இது: ரேடியேட்டர் மூடியைத் திறக்கும்போது வெந்நீர் பட்டு வலது கை வெந்துவிட்டது, அதனால்தான் எழுத முடியவில்லை, கவலைப்பட ஒன்றும் இல்லை.

அவர் சொன்னது முடிந்தது. அவருக்குத் தெரியாமல் நான் எழுதுவது இனி: கைக்கு ஒன்றும் ஆகவில்லை. அதற்கு மேல் என்னிடம் கேட்காதே, சத்தியம் வாங்கியிருக்கிறார்.

இப்போதெல்லாம் அவர் போகிற இடத்துக்கெல்லாம் நானும் முன்சீட்டில் ஏறிக்கொள்கிறேன். குவாந்தானமோ சந்தையில் வெங்காயம் நன்றாக இருக்கிறது என்று ஒரு நாள், தையல் நூல் வாங்க வேண்டும் என்று ஒரு நாள். "உனக்கு என்னடி திடீர்னு ஊர் சுத்துற ஆசை?" என்கிறார். "வயசான காலத்துல புருஷன்கூடப் போறதுக்கும் சீட்டு வாங்கணுமா?" என்கிறேன். வளைவு வரும்போது, ஆடு நிற்கும்போது, சைக்கிள்காரன் விளக்கில்லாமல் வரும்போது ஏதாவது சாக்கில் வாயைத் திறந்துவிடுவேன். "அய்யய்யோ, அந்தப் பள்ளத்துல போன தடவ எனக்கு இடுப்பு போச்சு, வலது பக்கமாப் போங்க" என்பது போல. அவரும் திட்டிக்கொண்டே வலது பக்கமாகப் போவார்.

வண்டியை விட்டால் மனுஷன் உட்கார்ந்த இடத்திலேயே கரைந்துபோவார், தம்பி. எனக்கு இரண்டு பயம். ஓட்டினாலும் பயம், ஓட்டாவிட்டாலும் பயம்.

விளக்கு சீக்கிரம் வந்தால் நல்லது.

உன் அண்ணி,
நெரெய்தா


ஹையலியா,
10 ஏப்ரல் 1998

அண்ணாவுக்கும் அண்ணிக்கும்,

நான் சுகம். பெட்டி ஒர்தென்சியாவோடு கிளம்பியாயிற்று. விளக்குகளைத் தன் உள்பாவாடைகளுக்குள் சுற்றி வைத்திருக்கிறாள். "கஸ்டம்ஸ்காரன் அதைப் பிரிக்கட்டும், அப்புறம் இருக்கு அவனுக்கு" என்று சொல்லியிருக்கிறாள். பத்திரமாக வந்துவிடும்.

அண்ணா, கை மெதுவாக ஆறட்டும். அவசரமில்லை.

அண்ணி, கையை டாக்டரிடம் காட்டினீர்களா? என்ன சொன்னார்? நான் கையைத்தான் கேட்கிறேன்.

அன்புடன்,
எலாதியோ


பரகோவா,
3 மே 1998

அன்புத் தம்பி எலாதியோவுக்கு அண்ணன் சொல்லி அண்ணி எழுதுவது. அனைவரும் க்ஷேமம்.

ஒர்தென்சியா வந்தாள், விளக்கும் வந்தது, கீறல்கூட இல்லை. யார் கையும் படாமல் நானே மாட்டினேன். அந்த வண்டியில் எனக்குப் பார்த்துத்தான் செய்ய வேண்டும் என்று இல்லை, விரலே போதும். பொழுது சாய்ந்ததும் தெருவே கூடிவிட்டது. ஃபிலிபெர்த்தோ நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டான். சுவிட்சை இழுத்தேன்.

எலாதியோ, என்ன சொல்ல! மாதா கோவில் மெழுகுவர்த்தி இதைவிட நன்றாக எரியும். சிவப்பாக இரண்டு புள்ளி, அவ்வளவுதான். ஃபிலிபெர்த்தோ எழுந்து வந்து கிட்டப் பார்த்து, "யோவ், பழசே பரவாயில்லையேய்யா!" என்றான். தெரு முழுக்கச் சிரிப்பு. நானும் சிரித்தேன். அமெரிக்காவிலிருந்து வந்த புது விளக்குக்கே இந்தக் கதி என்றால், குறை வேறெதிலும் இல்லை. இருட்டுதான் கூடிவிட்டது என்று அர்த்தம். மின்வெட்டுக் காலம், மலையெல்லாம் இருட்டு, யார் என்ன செய்ய முடியும்?

உன் அன்புக்கு நன்றி. உன்மேல் ஒரு குறையும் இல்லை.

(தம்பி, நெரெய்தா எழுதுகிறேன். எத்தனையோ மாதத்துக்கு அப்புறம் நேற்று சாப்பிடும்போது பாட்டு முணுமுணுத்தார். எல்லோருக்கும் மங்கலாகத்தான் தெரிகிறது என்பதில் அவருக்கு அவ்வளவு சந்தோஷம். விளக்குக் கண்ணாடி ஓரத்தில் பொடி எழுத்தில் 12 என்று போட்டிருக்கிறதே, அது என்ன? பெட்டி நம்பரா?)

வாழ்க வளமுடன்,
அண்ணன் அர்செனியோ


ஹையலியா,
30 மே 1998

அன்புள்ள அண்ணா, அண்ணி,

நலம். கடிதத்தைப் படித்துவிட்டு அடுப்பில் ரொட்டியைக் கருக விட்டேன்.

அண்ணா, இன்னும் ஆறு வோல்ட்டிலேயா வைத்திருக்கிறாய்? நான் கிளம்பும்போதே தெருவில் பாதி வண்டி பன்னிரண்டுக்கு மாறிவிட்டது. இத்தனை வருஷத்தில் நீயும் மாற்றியிருப்பாய் என்று நினைத்துவிட்டேன், கேட்காமல் விட்டது என் முட்டாள்தனம். அந்த விளக்கு பன்னிரண்டு வோல்ட். ஆறில் போட்டால் சிவப்பாக முனகத்தான் செய்யும்.

ஒன்றும் கெட்டுப்போகவில்லை. மெக்கானிக் செர்வாந்தோவிடம் சொல்லி ஒரு லாதா காரின் ஆல்டர்னேட்டரையும் பன்னிரண்டு வோல்ட் பேட்டரியையும் தேடிப் பிடி. விளக்குக்குத் தனியாக ரிலே வைக்கச் சொல், இல்லாவிட்டால் பழைய சுவிட்ச் கருகிவிடும். மற்ற பல்புகளையும் மாற்ற வேண்டும். அதன் பிறகு போட்டுப் பார், மலையே பட்டப்பகலாகிவிடும்.

அண்ணி, நீங்கள் கேட்ட 12 இதுதான்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். உடனே பதில் போடுங்கள்.

எலாதியோ


பரகோவா,
18 ஜூலை 1998

தம்பி எலாதியோவுக்கு,

பதில் தாமதமானதற்கு மன்னிக்க வேண்டும். உடம்புக்கு ஒன்றும் இல்லை. மனசுதான் சரியில்லை.

உன் கடிதத்தை அவருக்கு வாசித்துக் காட்டினேன். ரொட்டி கருகியதையும் உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொன்னதையும் வாசித்தேன். நடுவில் இருந்ததை வாசிக்கவில்லை. "இவ்வளவுதானா? பக்கம் பெருசா இருந்துதே?" என்றார். "உங்க தம்பிக்கு எழுத்து பெருசு" என்றேன்.

சத்தியத்தை உடைக்கிறேன், மாதா மன்னிக்கட்டும். கண்ணுக்குள் அழுத்தம் கூடி நரம்பு காய்ந்துகொண்டு வருகிறது என்றார் டாக்டர். ஓரங்கள் முதலில் போய், இப்போது நடுவில் ஒரு ஜன்னல் அளவுக்குத்தான் தெரிகிறது. போனது திரும்பாதாம். சொட்டு மருந்து விட்டால் மீதி நிற்கலாமாம். இனி ஓட்டக் கூடாது என்று போன வருஷமே சொல்லிவிட்டார். வெளியே வந்ததும், "டாக்டருக்கு வயசு பத்தாது, யார்கிட்டயும் சொல்லாத" என்று உன் அண்ணன் என் கையைப் பிடித்துக்கொண்டார். வண்டியில் ஏறும்வரை விடவில்லை, தம்பி. இந்த மனிதர் தெருவில் என் கையைப் பிடித்து நான் பார்த்ததில்லை.

அதனால் கேட்கிறேன், வண்டி ஆறிலேயே இருக்கட்டும். நல்ல விளக்கு போட்டால் அவருக்குச் சொல்லிக்கொள்ள என்ன மிச்சம் இருக்கும்? இருட்டில் போகவேண்டிய சவாரிகளை ஏதாவது சொல்லித் தட்டிக்கழிக்கிறேன். நான்தான் பக்கத்திலேயே இருக்கிறேனே.

இப்படிக்கு,
நெரெய்தா


ஹையலியா,
14 ஆகஸ்ட் 1998

அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்து அழுதேன். உங்கள்மேல் கோபமில்லை. ஆனால் நீங்கள் பக்கத்தில் இருக்கிறீர்கள் என்பதுதான் எனக்கு இரட்டைப் பயம். அந்த மலையில் உருண்டால் ஒரே நாளில் எனக்கு ஊரில் ஒருவரும் இல்லாமல் போய்விடுவார்கள். பின்சீட்டில் இருப்பவர்களுக்கும் வீட்டில் ஆள் காத்திருக்கும்.

உங்களால் சொல்ல முடியாது, தெரியும். நான் சொல்கிறேன். கூட இருக்கும் தாள்களை அவர் கையில் கொடுங்கள். கடையில் அட்டைப்பெட்டிக்கு நம்பர் போடும் தடிப் பேனாவால் எழுதியிருக்கிறேன். நல்ல வெயிலில் அவரே படிக்கட்டும். ஒரு தாளுக்கு ஒரு வரிதான்:

அண்ணா.

வண்டி ஆறு வோல்ட்.

விளக்கு பன்னிரண்டு.

தப்பு என்னுடையது.

மாற்று.

மாற்றியும் ரோடு தெரியவில்லை என்றால்

சாவியைக் கொடுத்துவிடு.

எனக்கு நீ வேண்டும்.

எலாதியோ


பரகோவா,
5 அக்டோபர் 1998

அன்புத் தம்பிக்கு அண்ணியின் ஆசீர்வாதம். நீ நலமாக இருக்க வேண்டும், நூறு வருஷம் இருக்க வேண்டும்.

தாள்களைக் கொடுத்தேன். முதல் தாளைப் பார்த்ததுமே புரிந்துவிட்டது அவருக்கு. யாரும் யாருக்கும் சும்மா அவ்வளவு பெரிய எழுத்தில் எழுதுவார்களா? கொல்லைப்புறம் எடுத்துப்போய் வெயிலில் ஒவ்வொன்றாகப் பிடித்துப் படித்தார். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். மூன்றாம் நாள் செர்வாந்தோ வீட்டுக்குப் போனார்.

பேட்டரி கிடைக்கத்தான் நாளாயிற்று. போன சனிக்கிழமை எல்லாம் மாட்டி முடித்தார்கள். ஆறு வோல்ட்டுக்குப் பழகிய ஹார்னில் பன்னிரண்டைக் கொடுத்ததும், கழுத்தறுபட்ட பன்றி மாதிரி ஒரு அலறல். செர்வாந்தோ பயந்து பின்னால் குதித்து கிரீஸ் டப்பாவில் உட்கார்ந்துவிட்டான்.

பொழுது சாய்ந்ததும் சுவிட்சை இழுத்தார். தம்பி, நீ சொன்னது பொய்யில்லை. எதிர்வீட்டுக் கோழிகள் விடிந்துவிட்டது என்று கூரையிலிருந்து இறங்கிவிட்டன. "அணைய்யா, என் கண்ணு போச்சு!" என்று ஃபிலிபெர்த்தோ கத்தினான். தெருவே கைதட்டியது.

அவர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி நேரே பார்த்துக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் இருந்தேன்.

"நெரெய்தா, உனக்கு எதுவரைக்கும் தெரியுது?"

பொய் சொல்லலாமா என்று நினைத்தேன். முடியவில்லை.

"பாலம் வரைக்கும். பாலத்துச் சொவர் மேல ஒரு பூன உக்காந்திருக்கு."

"என்ன கலரு?"

"சாம்பல். ஒரு காது கிழிஞ்சிருக்கு."

"எனக்கு நம்ம பானட்டோட முடிஞ்சிருது" என்றார்.

பிறகு அவரே சொன்னார். "மொதல்ல மாட்டினப்பவே எனக்குத் தெரியும். அவ்வளவு நேரம் எரிஞ்ச வெளக்கு, கண்ணாடியத் தொட்டா சூடே இல்ல. ஆறுல பன்னெண்டு போட்டா அப்படித்தான் இருக்கும். நான் என்ன நேத்துப் பொறந்த டிரைவரா?"

எனக்கு வந்ததே கோபம். "அப்புறம் ஏங்க சொல்லல?"

"அன்னைக்கு நீ சிரிச்ச. தப்பு வெளக்கு மேலதான்னு நீ நம்பிட்டன்னு நெனச்சேன். ரொம்ப நாள் கழிச்சு நல்லாத் தூங்கின. அதக் கெடுக்க வேணாம்னு விட்டுட்டேன்."

அவருக்காக நான் மறைத்தேன், எனக்காக அவர் மறைத்தார். இரண்டு கிழங்களும் ஒரே பொய்யைப் பங்கு போட்டுக்கொண்டு குடித்தனம் நடத்தியிருக்கிறோம். அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது எனக்கு.

இறங்கினார். பானட்டின் மேல் கையை வைத்துத் தடவிக்கொண்டே, அந்த வெளிச்சத்துக்குக் குறுக்கே நடந்து, என் பக்கத்துக் கதவைத் திறந்தார்.

"தள்ளி உக்காரு. நீ ஓட்டு."

"எனக்கு எங்கங்க ஓட்டத் தெரியும்?"

"இத்தன மாசமா ஓட்டினது யாரு? பள்ளம் பாத்தது நீ, ஆடு பாத்தது நீ, வளைவு சொன்னது நீ. ஸ்டியரிங் மட்டும்தான் என் கையில இருந்துச்சு. அதையும் வாங்கிக்க."

சாவியை என் மடியில் வைத்தார்.

உன் அண்ணி,
நெரெய்தா


பரகோவா,
20 டிசம்பர் 1998

அன்புத் தம்பி எலாதியோவுக்கு,

கிறிஸ்துமஸ் வாழ்த்து. நாங்கள் நலம். நான் சொல்ல உன் அண்ணிதான் எழுதுகிறாள்; சொட்டு மருந்தும் இரண்டு வேளை அவளே விடுகிறாள். இருக்கிற பார்வை இருக்கிறபடி நிற்கிறது என்றார் டாக்டர். பையன் கெட்டிக்காரன்தான், வயது பத்தாது என்று நான் முன்பு சொன்னதை மறந்துவிடு.

உன் அண்ணி லைசென்ஸ் வாங்கிவிட்டாள். பரீட்சை வைத்த அதிகாரி வண்டியிலிருந்து இறங்கியதும் நேரே காப்பி குடிக்கப் போய்விட்டான். (பொய். பாராட்டிவிட்டுத்தான் போனார். நெரெய்தா.) கியர் மாற்றுவது குழம்புச் சட்டியைக் கிண்டுவது போலத்தான். பாதி வழி கிளட்ச்சிலிருந்து காலை எடுப்பதில்லை. சொன்னால், "ஓட்டுறது யாரு, நீங்களா நானா?" என்கிறாள். (அது உண்மை.)

நேற்று ஃபிலிபெர்த்தோவின் மகளுக்கு வலி எடுத்து, பொழுது சாய்ந்த பிறகுதான் கூப்பிட்டார்கள். லா ஃபரோலா முழுக்க இவள்தான் ஓட்டினாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து, என்ஜின் சத்தத்தைக் கேட்டு எந்த ஏற்றத்துக்கு எந்த கியர் என்று சொல்லிக்கொண்டு வந்தேன். பெண் குழந்தை. இருவரும் சுகம். அந்த ஸ்டியரிங்கில் நான் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று விடியும்வரை நினைத்துக்கொண்டிருந்தேன். உனக்கு நன்றி என்று எழுதினால் போதாது, வேறென்ன எழுதுவது என்று தெரியவில்லை.

விட்டுக்கொடுத்த அன்றைக்கு என்னில் பாதி போய்விட்டது என்றுதான் நினைத்தேன். போகவில்லை. இடம் மாறி உட்கார்ந்திருக்கிறேன், அவ்வளவுதான்.

இன்னும் ஒரு உதவி. விளக்கு பாலம் வரைக்கும் அடிக்கிறது. ஆனால் இவள் உயரம் உனக்குத் தெரியும். ஸ்டியரிங் வளையத்துக்குள் எட்டிப் பார்த்துத்தான் ஓட்டுகிறாள். தலையணையை மடித்துப் போட்டால் வழுக்குகிறது. சீட்டில் போட ஒரு திண்டு வாங்கி அனுப்பு. நல்ல தடிமனாகப் பார்த்து வாங்கு. எங்கள் இரண்டு பேருக்கும் சேர்த்து இவள் ஒருத்திதான் பார்க்கிறாள், நன்றாகத் தெரியட்டும்.

உன் அண்ணன்,
அர்செனியோ